அத்தியாயம் 7: கிளஸ்டர் எழவில்லையா? கீழிருந்து தேடுங்கள்

சென்ற அத்தியாயத்தில் மூன்று விஎம்களை உருவாக்கினோம். ஒன்று கன்ட்ரோல் பிளேன், மற்ற இரண்டும் வொர்க்கர் நோடுகள். லினக்ஸ் ஹோஸ்ட், அதன்மேல் கேவிஎம், லிப்விர்ட், அதற்கும் மேலே கியூப்அட்மின் வழியாக குபெர்னெட்டிஸ். படித்த வரிசையில் கட்டளைகளை அடித்து முதல் தடவையிலேயே மூன்று நோடுகளும் 'ரெடி' என்று வந்துவிட்டால் இந்த அத்தியாயத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். பெரும்பாலோருக்கு அப்படி வருவதில்லை. திரையில் ஏதோ ஒரு செய்தி நின்றுபோகும். அதைத் தேடினால் இருபது விதமான பதில்கள் கிடைக்கும். ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, கடைசியில் எது எதை மாற்றியது என்றே தெரியாத நிலைக்குப் போய்விடுவீர்கள். அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த அத்தியாயம்.

பிழைச்செய்தி தெரிகிற இடம் வேறு, பிழை இருக்கிற இடம் வேறு. கிளஸ்டர் வேலையில் இதை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட் 'பென்டிங்'கில் நிற்கும். விசாரித்தால் நோட் 'நாட் ரெடி'. நோடை விசாரித்தால் நெட்வொர்க் பிளகின் விழுந்து விழுந்து எழுகிறது. அதை விசாரித்தால் இரண்டு விஎம்களுக்கு ஒரே ஐபி முகவரி. முகவரி ஏன் ஒன்றானது என்று பார்த்தால், குளோன் எடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. இந்தச் சங்கிலியின் மேல்நுனியில் உட்கார்ந்து பாடை அழித்து அழித்து மறுபடி உருவாக்கினால் எதுவும் நடக்காது. அதனால் சோதனையை எப்போதும் அடித்தட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஹோஸ்ட், அடுத்து விஎம், பிறகு நெட்வொர்க், அதன்பின் கன்டெய்னர் ரன்டைம், கடைசியாகத்தான் குபெர்னெட்டிஸ். ஒரு தட்டு சரி என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அடுத்த தட்டுக்கு ஏறுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஜர்னல்சிடிஎல் லாக்கைத் திறந்தால் கடைசி வரிதான் கண்ணில் படும். அந்த வரி பெரும்பாலும் விளைவைத்தான் சொல்லும். சர்வீஸ் தொடங்கிய நேரத்துக்குப் போய், அங்கிருந்து கீழே வாருங்கள். முதலில் தென்படும் பிழை வரியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

ஹோஸ்ட்: விஎம் ஊர்ந்து போகிறதா?

கேவிஎம் 2007இல் லினக்ஸ் கர்னல் 2.6.20உடன் சேர்ந்து வந்தது. ஆகவே இன்றைய எந்த லினக்ஸிலும் அது இருக்கும். ஆனால் பிராசஸரின் மெய்நிகராக்க வசதி பயாஸில் அணைந்திருந்தால் கேவிஎம்மால் எதுவும் செய்ய முடியாது. இன்டெல் கணினி என்றால் பயாஸில் 'வெர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்றும் அந்த வசதி இருக்கும்.

இதில் நம்மைத் திசைதிருப்பும் விஷயம் ஒன்று உண்டு. சில அமைப்புகளில் கேவிஎம் இல்லாவிட்டாலும் விஎம் ஓடும். கியூஇஎம்யூ பிராசஸர் வேலை முழுவதையும் மென்பொருளாலேயே செய்து ஒப்பேற்றிவிடும். அந்த விஎம் பூட் ஆகவே பல நிமிடம் எடுக்கும். கியூப்அட்மின் காத்திருந்து காத்திருந்து காலக்கெடு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். திரையில் குபெர்னெட்டிஸ் பிழை தெரியும். காரணமோ பயாஸில் இருக்கும். ஹோஸ்டில் 'விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். வரிக்கு வரி 'பாஸ்', 'வார்ன்', 'ஃபெயில்' என்று சொல்லிவிடும். கூடவே டெவ் அடைவில் 'கேவிஎம்' என்ற கோப்பு இருக்கிறதா, உங்கள் பயனர் கணக்கு 'கேவிஎம்', 'லிப்விர்ட்' ஆகிய குழுக்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழையாவிட்டால் அந்த மாற்றம் செல்லாது.

உருவாக்கிய விஎம்கள் காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். லிப்விர்ட்டுக்கு இரண்டு தனித்தனி இணைப்புகள் உண்டு: கணினி முழுவதற்குமான 'சிஸ்டம்', பயனருக்கு மட்டுமான 'செஷன்'. சாதாரணப் பயனராக 'விர்ஷ் லிஸ்ட்' அடித்தால் பெரும்பாலான விநியோகங்களில் செஷன் பட்டியல் வரும். சிஸ்டம் இணைப்பில் உருவாக்கியவை அதில் இருக்காது. இணைப்பைச் 'சிஸ்டம்' என்று குறிப்பிட்டு அடியுங்கள், மூன்றும் தெரியும்.

'டிஃபால்ட்' நெட்வொர்க் இயங்கவில்லை என்று சொன்னால் 'விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்' போதும். அதையே 'நெட்-ஆட்டோஸ்டார்ட்' என்றும் அடித்துவிட்டால் மறுபடி பூட் செய்தபின் தொல்லை இருக்காது. டிஸ்க் இமேஜை வீட்டு அடைவில் வைத்துவிட்டு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியோடு போராடுபவர்கள் நிறையப் பேர். கியூஇஎம்யூ தனிப்பயனர் பெயரில் ஓடுவதால் உங்கள் வீட்டு அடைவுக்குள் அதனால் நுழைய முடியாது. இமேஜை லிப்விர்ட்டின் வழக்கமான இமேஜஸ் அடைவுக்கு மாற்றுவதே நேர்வழி. வீட்டு அடைவின் அனுமதிகளை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

பிராசஸர் மாடலையும் பார்த்துவிடுங்கள். விஎம்மின் பிராசஸர் வகை பழைய 'கியூஇஎம்யூ64' என்று இருந்தால், சென்டிஓஎஸ் ஸ்ட்ரீம் 9 போன்ற புதிய இயங்குதளங்கள் பூட் ஆகும்போதே 'எக்ஸ்86-64-வி2 ஆதரவு இல்லை' என்று கூறி நின்றுவிடும். சில கன்டெய்னர் இமேஜ்களும் இதே காரணத்தால் உள்ளே போனவுடன் இறந்துவிடும். அதைப் பார்ப்பவர் இமேஜில்தான் கோளாறு என்று நினைப்பார். விஎம் அமைப்பில் பிராசஸரை 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' என்று மாற்றினால் தீர்ந்தது.

ஒரே கணினியில் வெர்ச்சுவல்பாக்ஸும் கேவிஎம்மும் இரண்டுமே இருந்தால், இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்ட முயலாதீர்கள். ஒன்று பிராசஸர் வசதியைப் பிடித்துக்கொண்டால் மற்றது எழாது. கர்னல் 6.12இலிருந்து கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே அந்த வசதியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் முன்பு ஒத்துப்போன கணினிகளிலும் அப்டேட்டுக்குப் பிறகு இந்த மோதல் வரலாம்.

குளோன் எடுத்த விஎம்கள்

மூன்று விஎம்களையும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. ஒன்றைச் செய்து முடித்து இரண்டு குளோன் எடுப்பதே வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு விஎம்மிலும் தனித்து இருக்க வேண்டியவை சில உண்டு: ஹோஸ்ட்நேம், மேக் முகவரி, ப்ராடக்ட் யுயுஐடி, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள், இடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி. 'விர்ட்-குளோன்' மேக் முகவரியையும் யுயுஐடியையும் புதிதாகத் தந்துவிடும். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் மெஷின்-ஐடியை அது தொடாது.

உபுண்டு சர்வரில் இதன் விளைவை நேரில் பார்க்கலாம். அங்கே நெட்வொர்க்கைக் கவனிப்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. டிஎச்சிபியிடம் முகவரி கேட்கும்போது அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தால். மேக் முகவரி வேறாக இருந்தாலும் அடையாளம் ஒன்றாக இருப்பதால், டிஎச்சிபி சர்வர் இரண்டு விஎம்களையும் ஒரே ஆள் என்று எண்ணி ஒரே முகவரியைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு விஎம்களிலும் உள்ளே போய் ஐபி முகவரியைப் பார்த்தால் இரண்டிலும் 192.168.122.57 என்று, இல்லையென்றால் வேறு ஏதாவது ஒரே எண் நிற்கும். எஸ்எஸ்எச் செய்தால் ஒரு நேரம் ஒரு விஎம்முக்கும் இன்னொரு நேரம் மற்றதுக்கும் போகும். இணைப்பு பாதியில் அறுந்துபோகும். ஹோஸ்ட் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தாலும் வரும். சாவியையும் சேர்த்தே குளோன் செய்திருந்தால் அந்த எச்சரிக்கைகூட வராது. அந்த நிலைதான் மோசம். எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று தெரியாமலே கட்டளை அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

குளோன் எடுப்பதற்கு முன் மூல விஎம்மை அணைத்துவிட்டு, ஹோஸ்டிலிருந்து 'விர்ட்-சிஸ்ப்ரெப்' ஓட்டுங்கள். மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் சாவிகள், பழைய லாக்குகள் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். உபுண்டுவில் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள் தாமாகத் திரும்ப உருவாகாமல் போகலாம். அப்படியானால் கன்சோல் வழியே நுழைந்து 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தோடு ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே குளோன் எடுத்துவிட்டீர்கள் என்றால், குளோனுக்குள் போய் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், புதியது உருவாகிவிடும். கோப்பை அழிக்காதீர்கள், காலியாக வையுங்கள்.

ஹோஸ்ட்நேமை மாற்ற மறந்திருந்தால் இரண்டாவது வொர்க்கரை இணைக்கும்போது, இந்தப் பெயரில் ஒரு நோட் ஏற்கெனவே கிளஸ்டரில் இருக்கிறது என்று கியூப்அட்மின் சொல்லும். அந்தச் செய்தி தெளிவானது, அதை நம்பலாம்.

கிளவுட் இமேஜும் கிளவுட்-இனிட்டும்

குளோனைத் தவிர்த்து உபுண்டு, டெபியன் தரும் கிளவுட் இமேஜைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு ஒரு தலைவலி: விஎம் எழுகிறது, ஆனால் உள்நுழைய முடியவில்லை. அந்த இமேஜ்களில் கடவுச்சொல் எதுவும் இருக்காது. உங்கள் எஸ்எஸ்எச் சாவியைக் கிளவுட்-இனிட்தான் உள்ளே வைக்க வேண்டும். அது வைக்கவில்லை என்றால் அநேகமாக மூன்று காரணங்களில் ஒன்று. யூசர்-டேட்டா கோப்பின் முதல் வரியில் ஹேஷ் குறியோடு 'கிளவுட்-கான்ஃபிக்' என்று இல்லாமலிருக்கும். அந்த வரி பார்க்கச் சாதாரணக் குறிப்பு மாதிரி இருப்பதால் பலர் நீக்கிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கிளவுட்-இனிட் கோப்பைப் புறக்கணித்துவிடும். அடுத்தது, யாமல் கோப்பில் ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் டேப். மூன்றாவது, இந்த விவரங்களைச் சுமக்கும் சிறிய ஐஎஸ்ஓவின் பெயர்ச்சீட்டு 'சிஐடேட்டா' என்று இல்லாமல் வேறாக இருப்பது.

கோப்பைத் திருத்திவிட்டு ரீபூட் செய்தேன், மாற்றம் வரவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம்: பயனர்களையும் சாவிகளையும் அமைப்பது போன்ற பெரும்பாலான வேலைகளைக் கிளவுட்-இனிட் ஒரு விஎம்முக்கு ஒரே ஒரு முறைதான் செய்யும். உள்ளே போக முடிந்தால் 'கிளவுட்-இனிட் கிளீன்' அடித்து ரீபூட் செய்யுங்கள். முடியாவிட்டால் மெட்டா-டேட்டாவில் இன்ஸ்டன்ஸ்-ஐடியை மாற்றிப் புது ஐஎஸ்ஓ செய்யுங்கள். உள்ளே போன பிறகு 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை 'லாங்' விருப்பத்தோடு அடித்தால் எந்தப் படியில் சறுக்கியது என்று சொல்லும்.

கியூப்அட்மின் இனிட்: எழுந்து எழுந்து விழும் கன்ட்ரோல் பிளேன்

கன்ட்ரோல் பிளேனுக்குக் குறைந்தது 2 பிராசஸரும் 2 ஜிபி ராமும் கொடுங்கள். 8 ஜிபி மடிக்கணினியில் மூன்று விஎம்களையும் ஓட்டுபவர்கள் வொர்க்கர்களுக்குக் குறைத்துக் கொடுக்கலாம், கன்ட்ரோல் பிளேனில் கை வைக்காதீர்கள்.

ஸ்வாப் ஓடிக்கொண்டிருந்தால் வழக்கமான அமைப்பில் கியூப்லெட் தொடங்க மறுக்கும். 'ஸ்வாப்ஆஃப்' அடித்தால் அந்த நேரத்துக்குச் சரியாகும். எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியையும் முடக்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் நோட் 'நாட் ரெடி' ஆகிவிடும். இரண்டு வாரம் கழித்து அது நடக்கும்போது ஸ்வாப் நினைவுக்கே வராது. ஃபெடோராவில் ஸ்வாப் எஃப்எஸ்டேப்பில் இல்லாமல் இசட்ராம் வழியாக வரும், அதைத் தனியாக நிறுத்த வேண்டும். இதே போலத்தான் 'பிஆர்_நெட்ஃபில்டர்' மாட்யூலும் ஐபி ஃபார்வர்டிங்கும். கையால் ஏற்றியதை நிரந்தரக் கோப்புகளிலும் எழுதிவையுங்கள். மூன்று நோடுகளையும் தயார் செய்து முடித்தவுடன், கியூப்அட்மினைத் தொடுவதற்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்து எல்லாம் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பிற்பாடு ஒரு முழு மாலையைக் காப்பாற்றும்.

பழைய வழிகாட்டியைப் பார்த்துப் பேக்கேஜ் இன்ஸ்டால் செய்பவர்களுக்குத் தரவிறக்கமே தோற்கும். குபெர்னெட்டிஸின் பழைய பேக்கேஜ் களஞ்சியங்கள் 2023 செப்டம்பரில் உறைந்தன, 2024 மார்ச்சில் நீக்கப்பட்டன. இப்போதைய களஞ்சியம் ஒவ்வொரு துணைப்பதிப்புக்கும் தனித்தனி முகவரி வைத்திருக்கிறது. எந்த வழிகாட்டியாக இருந்தாலும் முதலில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். டாக்கரை நேராகக் கியூப்லெட்டோடு இணைக்கச் சொன்னால் அது 2022இல் வந்த 1.24 பதிப்புக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிப்பில்தான் டாக்கர்ஷிம் எடுக்கப்பட்டது.

இனி நம் கன்டெய்னர் ரன்டைமான கன்டெய்னர்டி. இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 'ரன்டைம் சர்வீஸ் தெரியாத சர்வீஸ்' என்ற பொருளில் பிழை வந்தால், கன்டெய்னர்டியின் கான்ஃபிக் கோப்பில் சிஆர்ஐ பிளகின் முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்கரின் களஞ்சியத்திலிருந்து வரும் கன்டெய்னர்டி பேக்கேஜ் அப்படித்தான் வருகிறது. 'கன்டெய்னர்டி கான்ஃபிக் டிஃபால்ட்' தரும் முழு அமைப்பைக் கோப்பில் எழுதினால் அது தீரும். ஆனால் அத்தோடு நிறுத்தினால் அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள். அந்த அமைப்பில் 'சிஸ்டம்டி சிகுரூப்' என்ற வரி 'ஃபால்ஸ்' என்றே இருக்கக்கூடும். கியூப்அட்மினோ 1.22 பதிப்பிலிருந்து கியூப்லெட்டை சிஸ்டம்டி முறையில் அமைக்கிறது. கியூப்லெட் ஒரு முறையிலும் கன்டெய்னர்டி இன்னொரு முறையிலும் கணக்கு வைத்தால் கன்ட்ரோல் பிளேன் நிலைக்காது.

அதன் அறிகுறி இப்படி இருக்கும். இனிட் முடிந்ததுபோலத் தெரியும். 'கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்' ஒருமுறை பதில் தரும். ஒரு நிமிடம் கழித்து அதே கட்டளைக்கு 6443 போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பதில் தரும். வந்து வந்து போகும் ஏபிஐ சர்வரைப் பார்த்து ஃபயர்வால்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஃபயர்வால் தடுத்தால் ஒருமுறைகூடப் பதில் வராது. கன்ட்ரோல் பிளேனில் உட்கார்ந்து 'சிஆர்ஐசிடிஎல் பிஎஸ்' கட்டளையை இறந்த கன்டெய்னர்களையும் காட்டும் விருப்பத்தோடு அடியுங்கள். எட்சிடியும் ஏபிஐ சர்வரும் பலமுறை இறந்து பிறந்திருப்பது தெரியும். 'சிஸ்டம்டி சிகுரூப்' வரியை 'ட்ரூ' ஆக்கி, கன்டெய்னர்டியையும் கியூப்லெட்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கியூப்சிடிஎல் பேசாமல் போனாலும் சிஆர்ஐசிடிஎல் பேசும். ஏபிஐ சர்வர் படுத்திருக்கும்போது உங்களுக்குத் துணை அதுவும் கியூப்லெட்டின் ஜர்னலும்தான்.

டிஸ்க் மெதுவாக இருந்தாலும் இதே மாதிரி விழுந்து எழும். எட்சிடி ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்கில் உறுதிப்படுத்திய பிறகுதான் நகரும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மூன்று விஎம்களையும் வைத்தால் எட்சிடியின் லாக்கில் 'கோரிக்கைக்கு அதிக நேரம் பிடித்தது' என்ற பொருளில் எச்சரிக்கைகள் வரிசை கட்டும். அங்கே அமைப்பு வரிகளை மாற்றிப் பயனில்லை. இமேஜ்களை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

முகவரிகள் மோதும்போது

இனிட் முடிந்தது. நோடுகள் 'நாட் ரெடி', கோர்டிஎன்எஸ் 'பென்டிங்'. நெட்வொர்க் பிளகின் போடும்வரை இது இயல்பு, கோளாறு இல்லை. கோளாறு பிளகின் போட்ட பிறகு வருவதுதான்.

ஒரு கிளஸ்டரில் மூன்று முகவரித் தொகுதிகள் உண்டு: நோடுகளுக்கு ஒன்று, பாட்களுக்கு ஒன்று, சர்வீஸ்களுக்கு ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று தொடக்கூடாது. லிப்விர்ட்டின் டிஃபால்ட் நெட்வொர்க் 192.168.122.0/24. நெட்வொர்க் பிளகினான காலிகோவின் வழக்கமான பாட் தொகுதி 192.168.0.0/16. இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு திட்டங்களின் ஆவணத்தையும் அச்சு மாறாமல் பின்பற்றியவர் இந்த மோதலில்தான் போய் நிற்பார். அவர் மேல் ஒரு தவறும் கிடையாது. நோடின் முகவரியைப் பாட் முகவரி என்று காலிகோ எடுத்துக்கொள்ளும். பாடிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு நோடின் முகவரியைப் போட்டு அனுப்பாமல் அப்படியே விட்டுவிடும். பதில் திரும்பி வராது. சில இணைப்புகள் வேலை செய்யும், சில தொங்கும்; எது எப்போது என்று சொல்ல முடியாது.

ஆகவே இனிட் செய்யும்போதே பாட் தொகுதியாக 10.244.0.0/16 கொடுத்து, காலிகோவின் அமைப்பிலும் அதையே எழுதுங்கள். ஓடும் கிளஸ்டரில் பிற்பாடு மாற்றுவது கடினம். கற்றுக்கொள்ளும் கிளஸ்டர் என்றால் கலைத்துவிட்டு மறுபடி எழுப்புவதே விரைவு. சர்வீஸ்களுக்கான வழக்கமான தொகுதி 10.96.0.0/12. அது 10.96இல் தொடங்கி 10.111 முடிய நீள்கிறது. உங்கள் அலுவலக நெட்வொர்க்கோ விபிஎன்னோ 10.100 என்று தொடங்கினால் அதுவும் மோதல்தான். நோடுகளை உருவாக்கும் முன்பே இந்த மூன்று தொகுதிகளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டு ரவுட்டரின் தொகுதியையும் பக்கத்தில் எழுதிச் சரிபார்த்துவிடுங்கள்.

வெர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. அங்கே நேட் முறையில் ஒவ்வொரு விஎம்முக்கும் முதல் இணைப்பில் 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான் வரும். கியூப்லெட் இயல்பாக அதையே தன் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். 'கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்' கட்டளையை 'வைட்' விருப்பத்தோடு அடித்தால் மூன்று நோடுகளுக்கும் ஒரே உள்முகவரி தெரியும். நோடுகள் 'ரெடி' என்றே காட்டும், ஆனால் வொர்க்கரில் ஓடும் பாடின் லாக்கைப் பார்க்க முடியாது, அதனுள் நுழைய முடியாது. ஒவ்வொரு நோடிலும் கியூப்லெட்டுக்கு 'நோட்-ஐபி' என்று இரண்டாவது இணைப்பின் முகவரியைக் கொடுங்கள். ஏபிஐ சர்வருக்கு அறிவிப்பு முகவரியையும், பிளகினாக ஃப்ளேனல் போட்டிருந்தால் எந்த இணைப்பில் போக வேண்டும் என்பதையும் அதேபோலக் குறிப்பிடுங்கள்.

பிங் போகிறது, பக்கம் வரவில்லை

கிளஸ்டர் வேலையில் ஆளை மிகவும் களைப்படைய வைக்கும் கோளாறு இதுதான் என்பேன். ஒரு பாடிலிருந்து இன்னொரு நோடில் உள்ள பாடுக்குப் பிங் போகிறது. டிஎன்எஸ் பதில் வருகிறது. சின்னப் பக்கத்தைக் கேட்டால் வருகிறது. எச்டிடிபிஎஸ் முகவரியைக் கேட்டால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லி, கிளையன்ட் ஹலோ போன பிறகு அப்படியே உறைந்துவிடுகிறது. எந்தப் பிழையும் இல்லை, எந்த லாக்கிலும் ஒரு வரி இல்லை.

காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. சாதாரண ஈதர்நெட்டில் அது 1500 பைட். விஎக்ஸ்லேன் வழியாகப் பாக்கெட்டைப் பொதிந்து அனுப்பும்போது அந்தப் பொதிக்கே 50 பைட் போய்விடும், மிஞ்சுவது 1450. ஓப்பன்ஸ்டாக் போன்ற கிளவுடில் உங்கள் விஎம்மின் நெட்வொர்க்கே விஎக்ஸ்லேனாக இருந்தால் விஎம்முக்கே 1450தான். அதன்மேல் ஃப்ளேனலோ காலிகோவோ இன்னொரு விஎக்ஸ்லேன் போட்டால் பாடுக்கு 1400. பிளகின் இதை அறியாமல் பாடுக்கு 1450 என்று வைத்துவிட்டால், சின்னப் பாக்கெட்டுகள் எல்லாம் போகும், பெரிய பாக்கெட் மட்டும் வழியில் காணாமல் போகும். தாழ்வான பாலத்தடியில் சைக்கிளும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்க, உயரமான லாரி மட்டும் சிக்கிக்கொள்வதைப் போலத்தான். எச்டிடிபிஎஸ்ஸில் சர்வர் அனுப்பும் சான்றிதழ்தான் முதல் பெரிய சுமை. அதனால்தான் அந்த இடத்தில் உறைகிறது.

சோதிப்பது எளிது. பிங் கட்டளையில் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தையும், அளவையும் கொடுக்க முடியும். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 பைட் போவதால், 1500 எம்டியூவைச் சோதிக்க 1472, 1450க்கு 1422, 1400க்கு 1372 என்று கொடுக்க வேண்டும். முதலில் விஎம்மிலிருந்து விஎம்முக்கு அடித்து எது வரை போகிறது என்று பாருங்கள். பிறகு பாடிலிருந்து இன்னொரு நோடின் பாடுக்கு அடியுங்கள். விஎம்கள் இடையே 1422 போகிறது, 1472 போகவில்லை; பாட்கள் இடையே 1372 போகிறது, 1422 போகவில்லை என்றால் படம் முழுசாகத் தெரிந்துவிட்டது. பிளகினின் அமைப்பில் எம்டியூவை 1400 என்று எழுதுங்கள். ஏற்கெனவே ஓடும் பாட்களுக்குப் பழைய அளவே இருக்கும் என்பதால் அவற்றை மறுபடி உருவாக்குங்கள்.

சொந்தக் கணினியிலிருந்து கிளவுடுக்கு

வீட்டில் ஓடிய அதே அமைப்பை ஓப்பன்ஸ்டாக்கில் ஏற்றும்போது இரண்டு விஷயங்கள் புதிதாக வருகின்றன. விஎம் உருவாகும்போதே 'தகுந்த ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், கேட்ட அளவு ராமோ பிராசஸரோ எந்த ஒரு கணினியிலும் மொத்தமாக இல்லை என்பதே அநேகமாகக் காரணம். கேட்ட ஃப்ளேவரைச் சின்னதாக்கிப் பாருங்கள். சின்னது எழுந்தால் இடம்தான் பிரச்சினை; சின்னதும் எழாவிட்டால் ஷெட்யூலர் லாக்கைப் பார்க்கும்படி நிர்வாகியிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, செக்யூரிட்டி குரூப். ஏபிஐ சர்வருக்கு 6443, கியூப்லெட்டுக்கு 10250, எட்சிடிக்கு 2379, 2380 ஆகியவற்றை எல்லோரும் திறந்துவிடுகிறார்கள். விஎக்ஸ்லேனுக்கான யுடிபி போர்ட் விட்டுப்போகும்: லினக்ஸில் ஃப்ளேனலுக்கு 8472, காலிகோவுக்கு 4789. அது மூடியிருந்தால் ஒரே நோடில் உள்ள பாட்கள் பேசிக்கொள்ளும், நோடு தாண்டினால் மௌனம். காலிகோவை ஐபி-இன்-ஐபி முறையில் வைத்தால் போர்ட் திறந்து பயனில்லை. அது டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை, புரோட்டோகால் எண் 4. அதைத் தனியாக அனுமதிக்க வேண்டும். எதையும் பொதியாமல் நேரடியாக அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தால், விஎம்முக்குச் சொந்தமில்லாத முகவரியிலிருந்து வரும் பாக்கெட் என்று ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் அதைக் கீழே போட்டுவிடும். விஎம்மின் நியூட்ரான் போர்ட்டில் பாட் தொகுதியை அனுமதிக்கப்பட்ட முகவரியாகச் சேர்த்தால்தான் விடும்.

'லோட் பேலன்சர்' வகை சர்வீஸுக்கு வெளி முகவரி வராமல் 'பென்டிங்' என்றே நின்றால் கிளஸ்டரில் கோளாறு இல்லை. அதைத் தர வேண்டிய கிளவுட் கன்ட்ரோலர் இல்லை, அவ்வளவுதான். சொந்த விஎம்களில் மெட்டல்எல்பி போட்டுக்கொள்ளலாம். ஸ்டோரேஜ் கிளாஸ் இல்லாததால் வால்யூம் கோரிக்கைகள் நிற்பதும் இதே கதை.

பாட் எழாதபோது

இங்கே வரும்போது கீழ்த்தட்டுகள் சரியாக இருப்பதால் வேலை சுருக்கம். 'டிஸ்க்ரைப்' கட்டளையின் அடியில் வரும் நிகழ்வுகளைப் படியுங்கள். 'பென்டிங்' என்றால் இடம் இல்லை அல்லது டெயின்ட் தடுக்கிறது. 'இமேஜ் புல் பேக்ஆஃப்' என்றால் பெயர் தவறு, அனுமதி இல்லை, அல்லது ஒரே வெளி முகவரியிலிருந்து பலர் தரவிறக்கியதால் ரெஜிஸ்ட்ரி தடுத்துவிட்டது. 'கிராஷ் லூப் பேக்ஆஃப்' என்றால் கன்டெய்னர் தொடங்கி இறக்கிறது. அப்போது 'லாக்ஸ்' கட்டளையை 'ப்ரீவியஸ்' விருப்பத்தோடு அடித்தால்தான் இறந்துபோன கன்டெய்னரின் கடைசி வார்த்தைகள் கிடைக்கும். மறுமுயற்சி இடைவெளி 10 விநாடியில் தொடங்கி இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். அதனால் சரிசெய்த பிறகும் உடனே எழவில்லை என்று நினைத்து இன்னொன்றை மாற்றிவிடாதீர்கள்; பாடை அழித்துவிட்டால் புதிதாகத் தொடங்கும். வெளியேறும் எண் 137 என்றால் யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதற்காக.

கோர்டிஎன்எஸ் மட்டும் 'லூப்' என்று சொல்லி விழுந்துகொண்டிருந்தால், நோடின் ரிசால்வ் கோப்பில் 127.0.0.53 இருக்கிறதா என்று பாருங்கள். அது சிஸ்டம்டி-ரிசால்வ்டியின் உள்முகவரி. பாடுக்குள் அதே முகவரி தன்னையே குறிப்பதால் கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. கியூப்லெட்டுக்கு ரன் அடைவின் கீழ் உள்ள உண்மையான ரிசால்வ் கோப்பைக் காட்டுங்கள்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

விஎம்மை இடைநிறுத்தி அல்லது ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டு எழுப்பியபின் சான்றிதழ் பிழை வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். விஎம் இன்னும் போன வாரத்திலேயே இருக்கலாம். மூன்றிலும் நேரத்தைச் சரியாக வைக்கும் கிரோனி ஓடட்டும். கடிகாரம் சரியாக இருந்தும் காலாவதி என்று சொன்னால் அது உண்மையாகவே காலாவதி: கியூப்அட்மின் வழங்கும் கிளஸ்டர் சான்றிதழ்களுக்கு ஆயுள் 1 ஆண்டு. 'சர்ட்ஸ் செக்-எக்ஸ்பிரேஷன்' கட்டளை தேதியைச் சொல்லும், 'சர்ட்ஸ் ரின்யூ ஆல்' புதுப்பிக்கும். அதன்பின் கன்ட்ரோல் பிளேனின் கன்டெய்னர்களை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள். புதிய வொர்க்கர் சேராமல் டோக்கன் செல்லாது என்றால், டோக்கனின் ஆயுள் 24 மணி நேரம்தான். 'டோக்கன் கிரியேட்' கட்டளையை முழு ஜாயின் வரியையும் அச்சிடும் விருப்பத்தோடு அடித்துப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் குழம்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று முடிவெடுத்தால் 'கியூப்அட்மின் ரீசெட்' எல்லா நோடுகளிலும் ஓட்டுங்கள். ஆனால் அது மூன்றை விட்டுவைக்கிறது: சிஎன்ஐ (நெட்வொர்க் பிளகின்) அமைப்புக் கோப்புகள், ஐபிடேபிள்ஸ் விதிகள், உங்கள் வீட்டு அடைவில் கியூப் என்ற மறைவு அடைவுக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பு. பழைய சிஎன்ஐ கோப்பு இருந்தால் புது நோட் பிளகின் போடுவதற்கு முன்பே 'ரெடி' என்று பொய் சொல்லும். பழைய கான்ஃபிக் கோப்பு இருந்தால், சான்றிதழில் கையெழுத்திட்டவர் யாரென்று தெரியவில்லை என்று புது கிளஸ்டர் உங்களை வெளியே நிறுத்தும். முதல் இரண்டையும் ஒவ்வொரு நோடிலும் துடையுங்கள். மூன்றாவதை, இனிட் முடிந்ததும் திரையில் வரும் வரிகளின்படி புதிய அட்மின் கோப்பால் மாற்றுங்கள். ஆனால் அந்த இனிட்டுக்கு முன்பே, துடைத்து முடித்ததும் ரீபூட் செய்து, ஒவ்வொரு விஎம்மையும் அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.